பருத்திக் கடைத் தராசு

மத்தியானம் இரண்டே காலுக்கு அருப்புக்கோட்டையிலிருந்து புறப்பட்ட திருச்சுழி பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஐம்பதைத் தாண்டிய கணவனும் மனைவியும் இருந்தார்கள். அந்தம்மாள் கேட்ட கேள்விதான் என்னை நிமிர வைத்தது.

“நீங்க என்ன பருத்தி மூடையா, அந்தத் தராசுல போயி ஏறி நிக்க?”

“மூடை போடப் போன எடத்துல நானும் ஏறிப் பாத்தேன். ரெண்டு கிலோ கொறஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு கொறஞ்சா டாக்டரு குடலெறக்கத்துக்கு ஆபரேசன் பண்ணிருவாரு.”

“அது சாக்குக்குன்னு ரெண்டு கிலோ கழிச்சுல்ல காட்டும். வருசா வருசம் அதுக்காகக் கடைக்காரர்ட்ட மல்லுக்கு நிக்கிறதே நீங்கதான?”

அவர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.

“அப்பக் கொறையவே இல்லையா?”

“கொறையல.”

“கொறஞ்சிருச்சுன்னு நம்பி புரோட்டா தின்னுட்டேனே.”

“எத்தன?”

“மூணு.”

அந்தம்மாள் அவர் முகத்தையே பார்த்தார்.

“நாலு. சால்னா கொஞ்சமாத்தான் ஊத்துனேன்.”

“சரி, விடுங்க. நாளையிலருந்து ராத்திரிக்குக் கம்பங்கஞ்சிதான். எனக்கும் அதேதான்.”

“ஒனக்கெதுக்கு?”

“நீங்க கஞ்சி குடிக்கையில எதுக்க உக்காந்து நான் தோசை திங்கவா?”

அவர் மஞ்சள் பைக்குள் கையை விட்டு ஓர் இலைப் பொட்டலத்தை எடுத்தார்.

“ஒனக்குன்னு ரெண்டு கட்டியாந்தேன். இத என்ன செய்ய?”

“கஞ்சி நாளையிலருந்துதான?”

அந்தம்மாள் அதை வாங்கி மடியில் வைத்துப் பிரித்தார்.

“ஒரே ஒரு துண்டு...”

“ஜன்னலப் பாருங்க.”