படம் மட்டும்தான் வருது

ஹலோ... பூட்டு, நான்தான்டா... மெதுவாப் பேசு. பக்கத்துல யாரும் இல்லையே? ...சரி, கேளு. நம்ம ஜெயில் ஆப் இருக்குல்ல... ஆமா, ஆமா, கைதிங்க வீட்டாளுங்களோட வீடியோல பேசறதுக்கு நாம செஞ்சு குடுத்தோமே, அதேதான். இப்ப லேப்டாப்ல அதுலதான் இருக்கேன்... டெஸ்டிங் இல்லடா! என் அண்ணன் உள்ள இருக்கான்.

...ஆமா. கூடப் பொறந்தவன்தான்... ஆபீஸ்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? விடு, அப்புறமாத் திட்டு.

நல்லாத்தான் பேசிட்டிருந்தான். திடீர்னு, "இங்க என்னைப் போட்டு அடி..."ன்னான். அவ்வளவுதான், காவலர் மியூட் போட்டுட்டார். படம் மட்டும் வருது. வாய் அசையுது, ஒண்ணும் கேக்கல. நான் கத்தறதும் அவனுக்குப் போகல... தெரியும்டா, மியூட் அவங்க கையிலதான். நீ சர்வர்லேர்ந்து எடுத்து விடேன்.

...அதெப்படி முடியாது? ...ஆமா... ஆமா, ஆமா, நான்தான். மியூட்ட நாம வெளியிலேர்ந்து எடுக்கற மாதிரி ஒரு பின்வாசலே இருக்கக் கூடாதுன்னு மீட்டிங்ல ஒத்தக்கால்ல நின்னது நான்தான். அதச் சொல்லிக் காட்டற நேரமாடா இது?

இரு இரு... சட்டையத் தூக்கறான்... ஐயோ. முதுகெல்லாம் கன்னிப்போயிருக்குடா... ஸ்கிரீன்ஷாட்டா? அத எடுக்க முடியாதபடி நீதானே அடைச்சு வச்சே, அதுக்குத்தானே உனக்குப் பூட்டுன்னு பேரே! வெறும் கருப்பாத்தான் வருது... ரெக்கார்டிங்கும் கிடையாது. எந்த நிமிஷமும் கட் பண்ணிடுவாங்க, ஏதாவது சொல்லேன்!

...என்னது? ...போன் கேமராவால ஸ்கிரீனப் படம் புடிக்கறதா? அட, ஆமால்ல! கையிலயே வச்சுக்கிட்டு... இரு, ஸ்பீக்கர்ல போடறேன்.

...எடுத்துட்டேன். மூஞ்சி தெரியல, யார் முதுகோன்னு சொல்லிடுவாங்க... அண்ணா, திரும்பு! திரும்புண்ணா! ...கேக்காதே அவனுக்கு... கை காட்டறேன்... திரும்பிட்டான். வந்துடுச்சு, மூஞ்சியும் சேர்ந்து வந்துடுச்சு!

...போச்சு. கட் பண்ணிட்டாங்க. "அழைப்பு முடிந்தது, நன்றி"ன்னு வருது.

...அனுப்பிட்டேன், அண்ணன் கேஸப் பாக்கற வக்கீலம்மாவுக்கு... தெரியும், இதப் படம் எடுக்கக் கூடாதுங்கறது நாமளே போட்ட விதிதான். வேலை போனாப் போகட்டும்... அழலடா.

அதில்ல. நான் போனத் தூக்கிப் புடிச்சத அந்தக் காவலர் பாத்திருப்பாரே... அண்ணன் இப்ப அந்த ஆள்கூடத்தானே உள்ள நடந்து போகணும்...

வைடா, வை. வக்கீலம்மா கூப்பிடறாங்க.