இழுப்பறைக்கு ஒரு பூட்டு

அட, இருங்க தலைவரே, வந்ததும் வராததுமா பையைப் பிரிக்கறீங்க. கதவு எங்க ஓடிடப் போகுது? உக்காருங்க. ஐயோ, அதுல வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இப்பிடி வாங்க. டீ போட்டுட்டேன், குடிங்க. கப்பு எங்கண்ணனோடது, பரவால்ல.

ஆமா, இந்த ரூம்தான். வெளிய போன அண்ணன் பூட்டிட்டுப் போய்ட்டான். நாளைக்கு அவன் பொண்ணு வருது. அதுக்குள்ள தொறந்தாகணும், அவ்வளவுதான்.

அடையாள அட்டையா? கேளுங்க கேளுங்க, கேக்கத்தான் வேணும். கண்டவன் கூப்பிட்டு கண்டவன் ரூமைத் தொறன்னா தொறந்துடறதா? இந்தாங்க. போட்டோல தலைமுடி இருக்கும், கண்டுக்காதீங்க. ஆள் நான்தான்.

என் வேலையா? சொன்னா சிரிப்பீங்க. நானும் பூட்டுக்காரன்தான். நிஜமா. கம்ப்யூட்டருக்குள்ள.

எப்படின்னா... ஒரு அலமாரின்னு வெச்சுக்கங்க. ஒரு நம்பரைச் சொன்னா, அதுக்கு ஜோடி நம்பரை எடுத்துக் குடுக்கும். குடோன்ல நாலாவது ரேக்குல எத்தனை மூட்டைன்னு கேட்டா நாப்பதுங்கும். அவ்வளவுதான் அதோட வேலை. ஆனா கேக்கறது ஒருத்தன் இல்ல, ஒரே சமயத்துல ஆயிரம் பேரு. இவன் நாப்பதுன்னு பாத்துட்டு ஒண்ணு கூட்டறதுக்குள்ள அவனும் நாப்பதுன்னு பாத்து ஒண்ணு கூட்டிடறான். ரெண்டு மூட்டை வந்துருக்கு, கணக்குல ஒண்ணுதான். இன்னொண்ணு எங்க போச்சு? ஆண்டவனுக்கே வெளிச்சம்.

கரெக்ட், பூட்டணும். தொழில்காரர்னா தொழில்காரர்தான். ஆனா மொத்த அலமாரிக்கும் ஒரே பூட்டுப் போட்டா, ஒருத்தன் உள்ள கையை விட்டிருக்கற வரைக்கும் மத்தவன்லாம் வரிசைல நிப்பான். எங்க மேனேஜர் ஓடி வந்துடுவாரு. அவருக்கு நாங்க வெச்ச பேரே உடனே. மூக்கால பேசுவாரு, இப்பிடி... என்ன பாஸ் எல்லாம் நிக்குது, உடனே பாருங்க பாஸ், உடனே. அவர் பொண்டாட்டி போன்ல கூப்பிட்டா மட்டும் இதே குரல் பூனைக்குட்டி ஆயிடும்... வரேம்மா, இதோ வந்துட்டேம்மா.

அதனால அலமாரியை இழுப்பறை இழுப்பறையா பிரிச்சு, இழுப்பறைக்கு ஒரு பூட்டு. யாரும் யாருக்கும் காத்துக் கிடக்க வேணாம். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

அதை இந்த வீட்லயும் பண்ணிட்டேன், அதான் கூத்து. அண்ணன் கப்பல்ல ரேடியோ ஆபரேட்டரா இருந்தவன். ரெண்டு வயசுதான் பெரியவன், அதனால அவன் இவன்தான். ரிடையர் ஆயி, அண்ணியும் போனதுக்கப்புறம் இங்க வந்தான். வந்த நாள்லேர்ந்து சண்டை. ஃபேனுக்கு சண்டை, குழாயை ஏன் சரியா மூடலைன்னு சண்டை. அவன் சமையல்கட்டுல நின்னா நான் இங்க கொதிப்பேன். சரின்னு பிரிச்சேன். காலைல அடுப்பு அவனுக்கு, சாயங்காலம் எனக்கு. ஃபிரிஜ்ல மேல்தட்டு அவன், கீழ்த்தட்டு நான். ரூமுக்கு ரூம் தனிப் பூட்டு. சண்டையே நின்னு போச்சு தலைவரே. சண்டை மட்டுமா நின்னுச்சு?

ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. வெளிய கெளம்பறப்ப இந்தச் செவுத்துல ரெண்டு தட்டு தட்டுவான். டக் டக். நான் அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு தட்டு. டக். கப்பல்காரன் புத்தி, கிடைச்சுதுன்னு பதில் வரணும் அவனுக்கு. வரலைன்னா நகர மாட்டான், மறுபடி தட்டுவான்.

டீ ஆறுது பாருங்க.

போன வாரம் ஆபீஸ்ல ஒரு களேபரம். இந்த அலமாரி இருக்கு பாருங்க, மின்னல் வேகத்துல ஓடணும்னு நம்பரை டப்பால போடாம வெறுமனே வெச்சிருப்போம். டப்பா இருந்தாலாவது, இங்க டப்பாவே இல்லன்னு சொல்லலாம். வெறும் நம்பருக்கு இல்லன்னு சொல்லத் தெரியாது. இல்லாததைக் கேட்டாலும் பூஜ்யம்னுதான் சொல்லும். பதிவே ஆகாத ரேக்கைக் கேட்டிருக்காங்க, பூஜ்யம்னுடுச்சு. சரக்கு தீந்துடுச்சுன்னு லாரி லாரியா வரவழைச்சுட்டாங்க. போய்ப் பாத்தா ரேக் நெறைய சரக்கு, கணக்குல ஏறலை, அவ்வளவுதான். இறக்க இடமில்லாம லாரிக்காரங்க ரோட்லயே படுத்துத் தூங்கறாங்க. மேனேஜர் என் காதுல உடனே உடனேங்கறாரு.

அன்னிக்கு நான் வீட்லேர்ந்துதான் வேலை. ரூமைச் சாத்திக்கிட்டு, ஹெட்போனை மாட்டிக்கிட்டு. மத்தியானம் அண்ணன் கெளம்பிருக்கான். பஸ் ஸ்டாப்ல சரிஞ்சு விழுந்துட்டான். யாரோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. நான் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

இல்ல இல்ல, எந்திரிக்காதீங்க. அதெல்லாம் ஆச்சு, எல்லாம் முடிஞ்சு ஒரு வாரமாச்சு. உக்காருங்க.

அவன் பொண்ணு வெளிநாட்லேர்ந்து போன்ல கேட்டுச்சு. சித்தப்பா, அப்பா கெளம்பறப்ப எதாவது சொன்னாரான்னு. நான் டக்குனு சொல்லிட்டேன், ஒண்ணும் சொல்லலம்மா. சொல்லி வெச்சதுக்கப்புறம்தான் உறைச்சுது. நான் போட்ட அலமாரியேதான் நானும், தெரியாததுக்குப் பூஜ்யம்னுட்டேன். தட்டலையா, தட்டி எனக்குக் கேக்கலையா? எத்தனை தடவை தட்டினானோ. நாளைக்கு அது நேர்ல வந்து கேக்கும். ஒண்ணும் சொல்லலன்னு சொல்ல மாட்டேன் தலைவரே. எனக்குத் தெரியலம்மான்னு சொல்லுவேன். அதுக்கே வாய் வரணும்.

அட, டிரில்லை ஏன் எடுக்கறீங்க, வைங்க உள்ள. கதவு பாழாயிடும். சாவி இருக்கு. இதோ, சட்டைப் பைலதான். அவன் கண்ணாடியோட சேத்து ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்க ஆஸ்பத்திரில.

கோவிச்சுக்காதீங்க. கூலி முழுசா வாங்கிக்கங்க. ரெண்டு பேரு ஒண்ணா உள்ள நுழையக் கூடாதுன்னு பூட்டுப் போட்டே காலத்தை ஓட்டினவன் நான். இதுக்குள்ள மட்டும் ஒத்தையா போக முடியல. தெனம் சாவியை எடுக்கறேன், கதவு வரைக்கும் வரேன், திரும்பிடறேன். வேற யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல. சும்மா கூட நில்லுங்க, போதும்.

ஆச்சா டீ? வாங்க.

ஒரு நிமிஷம், இப்பிடித் தள்ளி நில்லுங்க. முதல்ல செவுத்துல ஒரு தட்டு தட்டிக்கறேன். ஒண்ணே ஒண்ணுதான், அது என் பாக்கி.