இடது பக்கம் மூணு பேர்

— சிரிக்காதே லவினா. பச்சைப் பட்டாணிதான். வீட்டுல ஐஸ் தீந்துபோச்சு. உங்க அண்ணி தாரணி இதைத்தான் பிரீசர்ல இருந்து எடுத்து முட்டி மேல வெச்சுட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா.

— சிரிக்கலண்ணா. இவ்வளவு பட்டாணி இருந்தா எங்க வீட்டுல ரெண்டு வேளை குருமா வைப்போம்.

— கதவைச் சாத்து மொதல்ல. ஆஸ்டின் டவுன்ல ஒருத்தன் கண்ணுல பட்டா போதும், பாலகுமாருக்கு முட்டி போச்சுன்னு சாயந்திரத்துக்குள்ள ஃபுட்பால் கிளப்பு வரைக்கும் போயிரும்.

— சாத்தியாச்சு. அதுல என்ன பொய் இருக்கு? புரோட்டா மாவு உருண்டை மாதிரி உப்பியிருக்கு.

— வீக்கம்தானே, வடியும் விடு. வெஸ்ட்டைக் கொண்டாந்தியா, அதைச் சொல்லு.

— இந்தாங்க. ஓடற வேகத்தை அளக்க முதுகுல வெக்கிற டப்பாவும் உள்ளதான் இருக்கு.

— அடச்சீ, சொதசொதன்னு கீதே! லீவுல ஓடற ப்ரோக்ராம் வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிருச்சு இல்ல? ஞாயித்துக்கிழமை எதுக்கு ஓடினே?

— கால் கேக்கலண்ணா. எட்டு வாரமா உங்க பேர்ல ஓடியாச்சு, இன்னிக்கு ஒரு நாள் என் பேர்ல ஓடலாம்னு தோணுச்சு.

— கிளப்போட ஆப்புல ஏத்திட்டியா?

— உங்க போனுக்கு ஒண்ணும் வரல, பாருங்க. பயப்படாதீங்க.

— நல்ல வேளை. ஏற்கெனவே நேத்து சுந்தரம் சார் போன் பண்ணாரு.

— யாரு, ஃபிட்னஸ் கோச்சா? என்ன சொன்னாரு?

— "பாலகுமார், முப்பத்திரண்டு வயசுல ஆஃப் சீசன்ல இப்படி ஓடற ஆளை நான் பாத்ததே இல்ல. கடைசி ஸ்பிரிண்ட்ல கூட வேகம் கொறையல. இன்னா சாப்பிடறே?"ன்னு கேட்டாரு.

— என்ன சொன்னீங்க?

— ராகி முத்தே, அதான் களின்னு சொன்னேன்.

— நான் டீயும் பன்னும்தாண்ணா சாப்பிட்டேன். அதுவும் என் செலவுல.

— எகத்தாளம் பண்ணாதே. நீ வர்றதுக்கு முன்னாடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

— என்ன பாடு? பால் பாக்கெட் போடறவர் ஸ்கூட்டர்ல வெஸ்ட்டைக் கட்டி அனுப்பினீங்க. அந்தப் பாடா?

— மெதுவா ஓட்டுங்கன்னு சொல்லித்தான் அனுப்பினேன்.

— மணிக்கு நாப்பது கிலோமீட்டர் வேகத்துல ஓடியிருக்கீங்க. அதுவும் வீட்டுக்கு வீடு நின்னு நின்னு. சுந்தரம் சார் ஏன்னு கேட்டதுக்கு டப்பா ரிப்பேர்னு சொன்னீங்க. அப்புறம்தான் என் ஞாபகம் வந்துச்சு.

— இங்க கேளு, இப்போ வெளையாட்டு பேச்சு வேணாம். லெஃப்ட் பேக் எடத்துக்கு, அதான் எடது பக்கம் தடுத்து ஆடறதுக்கு, நாங்க மூணு பேரு கீறோம். ஜீவனஹள்ளி கிரண் மொதல் ஆளு. ஸ்ரீராம்புரம் முனிராஜ் ரெண்டாவது. நான் மூணாவது. இந்த வருஷம் ரெண்டு பேரைத்தான் வெச்சுப்பாங்களாம். வெஸ்ட்டு நம்பரைப் பாத்துத்தான் முடிவு. லிஸ்ட்டு இன்னிக்குப் பத்து மணிக்கு வாட்ஸப்ல வருது.

— அதான் கண்ணு போன் மேலயே இருக்கு. உங்க நம்பர்தான் நல்லா இருக்கே, அப்புறம் என்ன கவலை?

— அங்கதான் பேஜாரு. மூணு பேர் நம்பரும் ஒட்டிக்கினு போவுதாம். நெஞ்சுத் துடிப்பு, ஸ்பிரிண்ட்டு, எல்லாமே. "இடது பக்கம்தான் நம்ம டீமுக்குப் பலம், மூணு பேரும் அண்ணன் தம்பி மாதிரி ஓடறாங்க"ன்னு சுந்தரம் சார் மீட்டிங்ல பேசியிருக்காரு.

— ஐயோ பாவம், அவ்வளவு சந்தோஷமா அவருக்கு!

— அவருக்கு சந்தோஷம், மூணுல ஒருத்தன் வெளில போவணுமே. முப்பத்திரண்டு வயசு லவினா. இங்க கழட்டி விட்டா வேற எந்தக் கிளப்பும் கூப்பிடாது. பத்தாவது பெயிலு நானு. இந்தக் காலை விட்டா எனக்கு வேற இன்னா தெரியும்? பயமா கீது, உன்கிட்ட சொல்றதுக்கு இன்னா.

— அந்தக் காலைத்தானே கொண்டுபோய் மிக்ஸிக்குக் குடுத்தீங்க.

— ஆரம்பிச்சிட்டியா.

— லீவுல வெளி மேட்ச் ஆடக்கூடாதுன்னு கான்ட்ராக்ட்ல எழுதியிருக்கு. நீங்க கோயில் திருவிழால ஏழு பேர் ஆடற செவன்ஸ் மேட்ச்ல "ராஜா"ன்னு பொய்ப் பேர் குடுத்து இறங்கினீங்க. கல்லும் கண்ணாடித் துண்டும் கிடக்கிற கிரவுண்டு. பேக்கரிக்காரர் ஒருத்தர் வந்து இடிச்சாரு.

— பேக்கரிக்காரன்னு சாதாரணமா சொல்லாதே. தொண்ணூறு கிலோ. லாரி.

— அந்த லாரி இடிச்சு முட்டி திரும்பிச்சு. பெஸ்ட் ப்ளேயர்னு மைக்குல கூப்பிட்டு மிக்ஸி குடுத்தாங்க. நொண்டிக்கிட்டே மேடை ஏறினீங்க. போட்டோ எடுத்ததே நான்தான்.

— ஏரியாப் பசங்க கூப்பிட்டா எப்படி மாட்டேன்னு சொல்றது? அவனுங்க மூஞ்சில நான் முழிக்க வேணாமா?

— சரி, சட்னி நல்லா அரையுதா?

— ஒரு ஜாரு லீக் ஆவுது.

— ஸ்கேன்ல என்ன போட்டிருக்கு?

— லிகமென்ட்டு, அதான் முட்டி ஜவ்வு, முக்கால்வாசி அறுந்துக்கினு கீதாம். ஆபரேஷன் பண்ணணும்.

— அப்புறம் நாளைக்கு ஆரம்பிக்கிற கிளப் கேம்ப்ல எப்படி ஓடுவீங்க? அங்க வந்து நான் ஓட முடியாதே.

— தெரியும். கிளப் கிரவுண்டுல வெஸ்ட்டு போட்டுக்கினு எறங்கினாலே சுந்தரம் சார் லேப்டாப்புல புள்ளியா ஓடும், பேரோட. ஏமாத்த வழியே இல்ல. அதனால நான் ஓடப்போறதில்ல. விழப்போறேன்.

— விழப்போறீங்களா?

— மொத நாளு, பத்தாவது நிமிஷம். வார்ம் அப்புல கால் மடங்கி, அம்மான்னு கத்திக்கினு விழறேன். லீவுல அடிபட்டா என் தலையெழுத்து. கேம்ப்ல அடிபட்டா கிளப்பு பொறுப்பு. ஆபரேஷன் அவங்க பண்ணுவாங்க, சீசன் முடியற வரைக்கும் வெளில அனுப்ப முடியாது. லிஸ்ட்டுல பேரு வந்துட்டா போதும், மிச்சத்தை முட்டி பாத்துக்கும்.

— கத்திப் பழகியாச்சா?

— நேத்து மத்தியானம் பாத்ரூம்ல கத்திப் பாத்தேன். பக்கத்து வீட்டுக்காரரு ஆட்டோவைக் கூட்டிக்கினு வந்துட்டாரு.

— நல்லா இருக்கு கதை. ஆனா பத்தாவது நிமிஷம் வேணாம்ணா. பன்னெண்டாவது நிமிஷம் வெச்சுக்கோங்க.

— ஏன்?

— பத்தாவதுல கூட்டமா இருக்கும்.

— இன்னா உளர்றே நீ?

— ஒண்ணும் இல்ல. என் விஷயத்தை சுந்தரம் சார்கிட்ட சொல்லிட்டீங்களா?

— எந்த விஷயம்?

— எந்த விஷயமா! கிளப்புல பொண்ணுங்க டீம் ஆரம்பிக்கறாங்க. "நீ எனக்காக ஓடு லவினா, நான் உனக்காகப் பேசறேன்"னு இதே சேர்ல உக்காந்து சொன்னீங்க.

— ஆங், அதுவா. நேரம் பாத்துக்கினு கீறேன்.

— எட்டு வாரமாவா?

— மூணாவது ஆளு போய் சிபாரிசு பண்ணா யாரு கேப்பாங்க? லிஸ்ட்டு வரட்டும், அப்பால பேசறேன். நீ ஆன்லைன்ல அப்ளை பண்ணே இல்ல?

— பண்ணேன். வியாழக்கிழமை பதில் வந்துச்சு. படிக்கிறேன், கேளுங்க. "தங்கள் உடல்தகுதி தொழில்முறை ஆட்டத்துக்குப் போதுமானதாக இல்லை. எனவே டிரயலுக்கு அழைக்க இயலவில்லை." கீழ கையெழுத்து, சுந்தரம்.

— யாரு, நம்ம சுந்தரம் சாரா?

— அவரேதான். அதே வாரத்துல அதே காலைப் பாத்து உங்களுக்கு ஒரு போன், எனக்கு ஒரு கும்பிடு.

— உன்னை அவரு பாத்ததே இல்லயே. எப்படி எழுதினாரு?

— ஸ்கூல்ல பார்ட் டைம் பி.டி. மிஸ்னு எழுதியிருந்தேன். வயசு இருபத்தாறுன்னு எழுதியிருந்தேன். ஆட்டோ ஓட்டறவர் பொண்ணு, பெரிய அகாடமி எதுலயும் படிக்கல. அதைப் படிச்சதும் இவ ஓட மாட்டான்னு தெரிஞ்சிருக்கும்.

— டிரயல் எப்போ?

— இன்னிக்குக் காலைல. கிளப் கிரவுண்டுலயே.

— சே. சும்மா சொல்லக்கூடாது, நீ ஓடறது சக்கத்தா, சூப்பரா இருக்கும். போவட்டும் விடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

— அன்னிக்கு அந்த மெயிலைப் பாத்துட்டு ஸ்கூல் பாத்ரூம்ல போய் அழுதேன்ணா. அதையும் ஒரு வார்த்தை உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். விடுங்க. அந்தப் பட்டாணியைக் கொஞ்சம் குடுங்க, எனக்கும் கணுக்கால் எலும்பு நோவுது.

— ஸ்வல்ப இரு, எனக்கே இன்னும் வீக்கம் வடியல. அதுசரி, வாரம் மூணு நாளு ஓடினதுக்கா அவ்வளோ நோவு? நானே கேக்கணும்னு இருந்தேன். தாரணியோட சித்தி பொண்ணு உன்னை ஜீவனஹள்ளில பாத்திருக்கா. சாயந்திரம். கிரண் வீட்டுத் தெருவுல.

— ஜீவனஹள்ளில ஓடக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்காங்களா?

— கிரண் வீட்டை எட்டு ரவுண்டு சுத்தினியாம், மூஞ்சி செவந்துக்கினு. உன் இஷ்டம், நான் யாரு கேக்க? ஆனா அவனுக்கு இருபத்திநாலு வயசு. பைக்கு, காதுல கடுக்கன், மாசத்துக்கு ஒரு ஹேர் ஸ்டைலு. நம்பற ஆளு இல்ல அவன்.

— காதல்னு நெனச்சுட்டீங்களா!

— பின்ன இன்னா?

— காதலிக்கிறவ பைக்குல பின்னாடி உக்காந்து போவா. எட்டு ரவுண்டு ஓடுவாளா?

— அப்போ எதுக்குப் போனே? ஆமா, பையி ஏன் இப்படிப் பொடைச்சுக்கினு கீது? காட்டு. காட்டுன்னா காட்டு. இது இன்னொரு வெஸ்ட்டு. முதுகுல நம்பர் மூணு போட்டுக்கீது. ஏய், இது கிரணோடது!

— ஆமா. அதுவும் ஈரம்தான், சேர் மேல போடாதீங்க.

— அவனுக்கும் நீதான் ஓடினியா!

— திங்க, புதன், வெள்ளி. காலைல உங்களுக்கு ஆஸ்டின் டவுன்ல. சாயந்திரம் அவனுக்கு ஜீவனஹள்ளில. மேப்புல இடம் காட்டுமே, அவன் வீட்டுப் பக்கம் போய்த்தானே ஓடணும்?

— அவனுக்கு இன்னா கேடு?

— ரீல்ஸ் எடுக்கறேன்னு மெட்ரோ ஸ்டேஷன் படியை மூணு மூணாத் தாண்டினான். தொடைச் சதை கிழிஞ்சிருச்சு. எண்பதாயிரம் லைக்காம்.

— நன்றி கெட்டவளே! அவன் நம்பரு ஏறினா நான் வெளில போவணும்னு உனுக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுப் பொண்ணுன்னு நம்பினேனே!

— அவனும் உங்களை மாதிரியேதான் சொன்னான். "நீ ஓடு, நான் சார்கிட்ட பேசறேன்."

— பேசினானா?

— நேரம் பாத்துக்கிட்டு இருக்கானாம்.

— எனக்கு அதிகமா, அவனுக்குக் கொஞ்சம் கம்மியா ஓடினியா? அதையாவது சொல்லு.

— கம்மியா ஓட எனக்குத் தெரியாதுண்ணா.

— செவ்வா, வியாழனாவது வீட்டுல சும்மா இருந்தியா இல்லியா?

— நீங்க மொதல்ல கிரண் கதையை முடிங்க.

— இரு, யோசிக்க விடு. அப்போ அவனும் நாளைக்கு...

— பத்தாவது நிமிஷம். கத்த மாட்டானாம், கையால தரையைக் குத்துவானாம். போட்டோல அதுதான் நல்லா இருக்கும்னு சொன்னான்.

— அடப்பாவி! அப்போ நல்ல காலோட இருக்கிறது முனிராஜ் ஒருத்தன்தான். அவனுக்கு ஒரு எடம் உறுதி. பாக்கி ஒரு எடத்துக்கு நானும் கிரணும். லவினா, இப்படிப் பண்ணா இன்னா? கிரணுக்காக வேற யாரோ ஓடறாங்கன்னு சுந்தரம் சார் காதுல ஒரு வார்த்தை போட்டுடறேன். உன் பேரைச் சொல்ல மாட்டேன். இப்பவே போன் பண்ணிடறேன்.

— அதுக்கு மட்டும் நேரம் பாக்க வேணாம்.

— அது வேற, இது வேற... இரு, மெசேஜ் வந்திருச்சு! கிளப்புதான். மணி பத்து. இந்தா போனு, நீ படி.

— நீங்களே படிங்க. உங்க பேருக்குத்தானே வந்திருக்கு.

— "பாலகுமார், கிரண், முனிராஜ். மூன்று பேரும் பதினோரு மணிக்குள் ஆபீசில் இருக்க வேண்டும். மூன்று பேருக்கும் ஸ்கேன் எடுத்த பிறகுதான் லிஸ்ட். சுந்தரம்." ஸ்கேனா? செத்தேன். யாரு சொன்னது? என்னையும் கிரணையும் கூப்பிட்டா சரி, முனிராஜை எதுக்குக் கூப்பிடறாங்க? லவினா, நீ வாயைத் தொறந்தியா?

— சத்தியமா யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலண்ணா, செவ்வா, வியாழன், சனி நான் ஓடின முனிராஜோட வெஸ்ட்டையும் சேத்து மூணையும் ஒண்ணு மேல ஒண்ணா மாட்டிக்கிட்டு, காலைல டிரயலுக்கு வந்த பொண்ணுங்களோட போய் கிளப் கிரவுண்டை முப்பது ரவுண்டு ஓடினேன், அவ்வளவுதான். சுந்தரம் சார் லேப்டாப்புல நீங்க மூணு பேரும் ஒரே புள்ளியா ஓடினீங்க.