வாங்குறவரோட ஆளு

ஐயோ, எனக்கு எதுக்கு ஆன்ட்டி நன்றி? எங்க மாமாவுக்கும் வேணாம். கையெழுத்துப் போட்டதுலேர்ந்து கும்பிட்டுக்கிட்டே இருக்கீங்க, எனக்குக் கூச்சமா இருக்கு. உக்காருங்க, வண்டி வர நேரமாகும்.

நாங்க உங்க ஆளுங்க இல்ல. ஆமா, நிஜமாத்தான். வீட்டை வாங்குறவரோட ஆளுங்க. அவருதான் மாமாவுக்குக் கமிஷன் குடுக்கிறாரு. மறைச்சோமா? முதல் நாளே மாமா தாளை நீட்டினாரே, நாங்க யாருக்காக வேலை பாக்குறோம்னு. நீங்க கண்ணாடியைத் தேடிட்டு, விடு தம்பி, உன் முகத்தைப் பாத்தாலே போதும்னு கையெழுத்துப் போட்டீங்க. மாமா முகம் அப்படி. அத்தையே அதை நம்பித்தான் கட்டிக்கிட்டாங்க.

வீட்டு புரோக்கர் லைசன்ஸ் பரீட்சைக்கு நான் படிக்கிறதே இதான். எதிர்ப்பக்கத்து ஆளுகிட்ட பொய் சொல்லக்கூடாது. ஆனா அவங்களா வாயை விட்டா, நம்ம ஆளுகிட்ட சொல்லியே ஆகணும். ஸ்கூல்ல ஒண்ணும் மண்டையில ஏறல, அதான் நின்னுட்டேன். இது மட்டும் டக்குனு ஏறிடுச்சு. நீங்கதான் வாயை விட்டீங்களே, அப்பப்பா! டீயைக் கையில குடுத்துக்கிட்டே, அவசரம்னீங்க. பொண்ணு புருஷனை விட்டுட்டுக் குழந்தைங்களோட ஒரு வாடகை ரூம்ல கிடக்கா, வர்றதுல பாதி அவளுக்குன்னீங்க. எவ்வளவு வரைக்கும் இறங்குவீங்கன்னும் நீங்களே சொன்னீங்க. நான் செருப்பு மாட்டும்போதே அவருக்குப் போன் பண்ணிட்டேன்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? டீ நல்லாத்தான் இருந்துச்சு.

அவர் யாரா? பேரைச் சொல்லக்கூடாதுன்னு கண்டிஷன். அதான் ஒப்பந்தத்துல மாமா பேரு, மாமா கைகாட்டுற ஆளுக்குக் கிரயம்னு. படிச்சுத்தானே போட்டீங்க? இல்லையா. சரி விடுங்க.

ஒரு தடவைகூட வீட்டைப் பாக்க வரல அவரு. ஆனா எல்லாம் தெரியும். பீரோவுக்குப் பின்னாடி சுவர் வெடிச்சிருக்கும், நகர்த்திப் பாருன்னாரு. நகர்த்தினோம், இருந்துச்சு. அதைக் காட்டி மாமா இன்னும் குறைச்சாரு, நீங்க திருடி மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க. அந்தப் பின்கதவு ஞாபகம் இருக்கா? கைப்பிடியைத் தூக்கி, கீழ ஒரு உதை விட்டேன், திறந்துச்சு. வீட்டு ஆளுங்களுக்குத்தானே இது திறக்கும், உனக்கு எப்படிம்மா தெரியும்னு சிரிச்சீங்க. செத்தோம், இப்பப் புரிஞ்சிடும்னு நினைச்சேன். நீங்க பிஸ்கட் எடுக்கப் போயிட்டீங்க.

இனிமே எங்க இருப்பீங்க? மகன் வீட்லயா. வாங்கன்னு அவர் சொன்னாரா, நீங்களா முடிவு பண்ணிட்டீங்களா? கோவப்படாதீங்க, சும்மா கேட்டேன். பொண்ணுக்குப் பாதி போகுதுன்னு அவருக்குத் தெரியுமா? பெருந்தன்மையா ஒண்ணுமே சொல்லலையா. ம். சொல்லமாட்டாரு. பாதின்னாலும் கம்மியான காசுலதானே பாதி.

மகனுக்குத் தகவல் சொல்லணுமா? உங்க போன் செத்துப்போச்சா. என்னோடதுல போடுறேன். நம்பர் எல்லாம் சொல்லவேணாம் ஆன்ட்டி, இருக்கு.

பேரை நான் சொல்லல, பாத்துக்கங்க.

இந்தாங்க, ரிங் போகுது. எடுத்ததும் நீங்க பேசாதீங்க. நான்தான்னு நினைச்சு, அம்மா கையெழுத்துப் போட்டாங்களான்னு கேப்பாரு.