தட்டும் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளவும்

சமையலறையில் குழாய்கள் வெளியே தெரிவது எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. எவ்வளவு துடைத்தாலும் அவற்றின் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்துவிடும். கோபன்ஹேகனில் எங்களுடையதைப் போன்ற பழைய கட்டடங்களில் வீட்டைச் சூடாக்கும் தண்ணீர்க் குழாய் ஒவ்வொரு மாடியாகத் தரையைத் துளைத்துக்கொண்டு ஏறிப்போகும். இரண்டாம் மாடியில் விக்கோ, மூன்றாவதில் நான், நான்காவதில் சிட்ஸல் என்ற இளம்பெண். மூன்று வீட்டுக்கும் ஒரே குழாய்தான்.

விக்கோவின் மனைவி இறந்த வாரம் குழாயைத் தட்டும் ஏற்பாட்டைச் சொன்னதே நான்தான். அதை மறைக்க விரும்பவில்லை. காலை ஏழு மணிக்கு அவர் காப்பிக் கரண்டியால் குழாயை மூன்று முறை தட்டுவார். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். நான் இரண்டு முறை பதிலுக்குத் தட்டுவேன். சொல்லாமல் கொள்ளாமல் போய் ஒருவர் வீட்டு மணியை அடிக்கும் பழக்கம் எங்களிடம் கிடையாது, உங்களுக்கே தெரியும். குழாய் என்றால் யாருக்கும் தொந்தரவில்லை.

பதினோரு ஆண்டுகள் தட்டினேன். காய்ச்சலில் கிடந்தபோதும் எழுந்து போய்த் தட்டினேன். ஒருமுறை ஊல்போரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனபோது அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். ஆள் வரவழைத்து என் பூட்டை உடைத்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது படியிலேயே நின்றிருந்தார்.

"என்ன இங்கர், எனக்கு முந்திக்கிட்டியோன்னு பயந்தே போயிட்டேன். ஒழுங்கா வரிசையில நில்லு."

நானும் சிரித்தேன். அன்றுதான் அவரை வெறுக்க ஆரம்பித்தேன். போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் நல்ல மனிதர், முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? குழாயை மறைத்துவிடுவது சுலபமாகத் தோன்றியது.

போன நவம்பரில் சமையலறையைப் புதுப்பித்தேன். முறைப்படி கட்டடத்தின் வாசல் கதவில் சீட்டு ஒட்டினேன்: 'மூன்றாம் மாடியில் நவம்பர் 4 முதல் 8 வரை வேலை நடக்கும். தட்டும் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளவும். இங்கர்.' விக்கோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

"குழாயை என்ன பண்ணப் போற?"

"பலகை அடிச்சு மறைச்சிடுவாங்க."

"அப்ப நான் எதைத் தட்டுறது?"

"மேல வந்து மணி அடிங்க."

"அதுக்கு முதல்ல நான் படி ஏறணுமே," என்றார். எனக்கு வேலை இருந்தது, ஏறிப்போய்விட்டேன்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு அவர் தட்டியபோது நான் பதில் தரவில்லை. பழகிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். சிறிது நேரம் கழித்து மறுபடி தட்டினார். பிறகு அமைதி. பத்து மணிக்குத் தச்சர் பிரேபன் குழாயைச் சுற்றிப் பலகை அடித்துக்கொண்டிருந்தபோது மீண்டும் சத்தம் வந்தது. இந்த முறை மூன்று தட்டு அல்ல, கணக்கு வழக்கில்லாத தட்டு.

"கீழ யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கே?" என்றார் பிரேபன்.

"தண்ணி சூடானா அந்தக் குழாய் அப்படித்தான். உள்ள இன்னும் கொஞ்சம் பஞ்சு வைங்க."

அவர் வைத்தார், நானும் கூட நின்று திணித்தேன். வெள்ளி மதியம் டைல்ஸ் ஒட்டி முடிந்தது. அழகாக இருந்தது. காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமை டைல்ஸின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் மட்டும் லேசாக அதிர்ந்தது.

சிட்ஸலின் வீட்டில் குழாய் இன்னும் வெளியேதான் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை அவளைப் படியில் பார்த்தேன்.

"ஞாயித்துக்கிழமையுமா? உங்க தச்சருக்கு அலுப்பே வராதா, இங்கர்?"

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, முடியப்போகுது."

நான் பொய் சொல்லவில்லை. திங்கள் மதியத்தோடு முடிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமைதோறும் விக்கோவின் வீட்டைச் சுத்தம் செய்ய வரும் பெண்தான் பார்த்திருக்கிறாள். இடுப்பு எலும்பு முறிந்து குழாயடியில் இறந்துகிடந்தாராம், கையில் கரண்டியோடு. ஒரு காலில் மட்டும் ஷூ இருந்தது என்று போலீஸ் விசாரணையில் நீங்கள் சொன்னீர்கள். நான் பதில் தட்டாததால் எனக்கு என்னவோ ஏதோ என்று மேலே வரக் கிளம்பியிருக்கிறார். அதை நீங்கள் என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

இப்போது தினமும் ஏழு மணிக்கு மூன்று தட்டு கேட்கிறது. கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது. சிட்ஸலைக் கேட்டேன், அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். எனக்குப் பயமாக இருக்கிறது. டைல்ஸின் மேல் விரல் முட்டியால் இரண்டு முறை தட்டுகிறேன், தோல் உரியும்வரை தட்டுகிறேன். அவருக்குக் கேட்பதில்லை போலிருக்கிறது. பஞ்சை அவ்வளவு நெருக்கமாக வைத்திருக்கிறோம்.

அது தண்ணீரின் சத்தம் என்று நான் உண்மையிலேயே நம்பினேனா என்று கேட்டீர்கள். அந்தச் சீட்டு உங்களிடம் இருக்கிறது, பாருங்கள். வேலை வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. சனிக்கிழமை காலை பேனாவை எடுத்துக்கொண்டு, அவர் கதவைத் தாண்டிக் கீழே இறங்கிப்போய், 8 என்பதை அடித்துவிட்டு 11 என்று எழுதினேன். சத்தம் நீடிக்கும் என்றால் அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதானே மரியாதை.