வாயில் கவ்விய குட்டி

— செக் பொயின்ற் செக் பொயின்ற்றா இறங்கி ஏறி வந்தது உந்தப் பண்டி மூஞ்சியளைப் பாக்கவே, இஞ்சேருங்கோ?

— மெல்லக் கதையும், கனகேஸ். இந்தப் படங்களைக் கீறினவன் எங்கட மகன். வாசலிலைதான் நிக்கிறான். மனிசருக்குள்ளை இருக்கிற மிருகத்தைக் காட்டுறானாம்.

— அதை வெள்ளவத்தை பஸ்ஸிலையே பாத்திட்டம். கால் உளையுது. எங்கையும் கதிரை கிடக்கோ?

— இதைப் பாரும். ஐடென்ரிக் காட் கேக்கிற நாய். முன்னாலை வரிசையிலை செம்மறியள்.

— கண்ணாடி போட்ட செம்மறி நீங்கள்தான்.

— ஓம், தெரியுது. அந்த வௌவால் ஆர், சொல்லும் பாப்பம்?

— எங்கட வாடகை வீட்டுக்காரர்! லைற்றை நூத்துப்போட்டுத் தலைகீழாத் தொங்குறார். அது சரி, சிவானந்தன் ஏன் வாசலிலையே நிக்கிறான், கிட்ட வாறானில்லை?

— புருவத் தழும்பைத் தடவிக்கொண்டு நிக்கிறான். சின்னனிலை கிணத்துக்கட்டிலை விழுந்து வெட்டின நாளிலையிருந்து, பயந்தால் அப்பிடித்தானே.

— எனக்கோ பயப்பிடுறான்? நீங்கள் என்ன, அந்த மூலைப் படத்தை மறைச்சுக்கொண்டு நிக்கிறியள்?

— ஒண்டுமில்லை. வாரும், ரீ குடிப்பம்.

— தள்ளுங்கோ எண்டுறன்... பூனை. வாயிலை குட்டி. கட்டியிருக்கிறது என்ர பச்சைச் சீலை. பின்னாலை நான் வள்ளத்திலை தாண்டின கிளாலிக் கடல்.

— கனகேஸ்...

— இப்ப பாத்திட்டுப் போன பெட்டையள் என்ன சொன்னவை?

— குட்டியைத் தின்னுற பூனையாம். அதுகளுக்கு என்ன தெரியும்?

— சரியாத்தான் சொல்லியிருக்கினம். மடியிலை ஒரு பிள்ளைதான் எண்டான் வள்ளக்காரன். காய்ச்சல்காரனெண்டு சின்னவனைத் தூக்கினன். மூத்தவன் இவனை அயலிலை பூபாலசிங்கத்தார் வீட்டிலை விட்டிட்டு, கெதியா வந்து கூட்டிக்கொண்டு போவன் எண்டு தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணினன். பாதை பூட்டினது பூட்டினதுதான். மூண்டு வருஷம் அவன் அங்கை.

— வேணுமெண்டே செய்தனீர்? நான் இஞ்சை கொழும்பிலை கந்தோர்க் கதிரையிலை குந்திக்கொண்டிருந்தன். என்னைச் செம்மறியோடை விட்டிட்டான், பாவம் பாத்து.

— அதைப்பற்றி இண்டு வரைக்கும் என்னோடை ஒரு சொல் கதைச்சிருப்பானே? இப்ப கதைச்சிட்டான், ஊரெல்லாம் கேக்க.

— வாரும், போவம்.

— பொறுங்கோ. உங்கட கண்ணாடியை ஒருக்காத் தாங்கோ.

— உமக்கு அது சரிவராது.

— தாங்கோவன்... பல்லுப் படேல்லை. தின்னேல்லையப்பா, காவுது, தூக்கிக்கொண்டு போகுது.

— ஓம், சின்னவனைக் காவுது. அதைத்தானே கீறியிருக்கிறான்.

— குட்டியின்ர முகத்தை வடிவாப் பாருங்கோ. சின்னவனுக்கு ஏது புருவத்திலை தழும்பு?