படையலில் ஒரு துண்டு

— குடிங்க தம்பி, ஆறிடும். வறுத்த சிவப்பரிசித் தேநீர். வாசகர் யாராச்சும் வீடு தேடி வந்தா இதைத்தான் குடுப்பேன்.

— நான் வாசகன் இல்லக்கா. எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள எனக்குக் கொட்டாவி வந்துடும். என் வீட்டுக்காரிதான் உங்க பிளாக்கை விழுந்து விழுந்து படிப்பா.

— அப்ப அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே! என்ன பேரு?

— லுவா. என் பேரு துவான். போன வாரம் எழுதியிருந்தீங்களாம், ‘இந்த பிளாக்குலருந்து உங்களுக்கு என்ன வேணும், கூச்சப்படாம உங்க சென் அக்காகிட்டக் கேளுங்க’ன்னு. எம் பொண்ணு படிச்சுக் காட்டினா. ‘அம்மாவுக்கு என்ன வேணும்னு நீங்க போய்ச் சொல்லுங்கப்பா’ன்னா.

— நமோ புத்தா, என்ன நல்ல பொண்ணு! கொட்டோ கொட்டுன்னு பதில் வந்திருக்கு தம்பி. முகம் பளபளக்கணும்கிறாங்க, இடுப்பு சுருங்கணும்கிறாங்க, சக்கரை இறங்கணும், முடி வளரணும். எல்லாம் அடுத்த பௌர்ணமிக்குள்ள ஆகணும், அதுவும் ருசியா இருக்கணும். உங்க வீட்டுல என்ன கேக்கறாங்க?

— நொய்ச்சோறு. கரியில வாட்டின பன்னி விலாத்துண்டு, ஓரத்துல கொழுப்போட. மேல வெங்காயத்தாள் எண்ணெய்.

— நல்லாக் கேட்டாங்க போங்க! எங்கிட்ட வந்து பன்னிக்கறியா? ஒம்பது வருஷமா இந்த வாசப்படி தாண்டி ஒரு துண்டு கறி உள்ள வந்ததில்ல தம்பி. சிவப்பரிசி, எள்ளு உப்பு, அவ்வளவுதான். ஊரறிஞ்ச விஷயம்.

— அவளும் அதைத்தான் சாப்பிட்டா. கடைசி எட்டு மாசம் வேற எதையும் வாயில வைக்கல.

— கடைசின்னா?

— நாளைக்கு மொத வருஷத் திதிக்கா.

— ஐயய்யோ! நமோ புத்தா... என்ன தம்பி இப்படிப் பொசுக்குன்னு சொல்றீங்க. நான் பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டு இருக்கேன். என்ன ஆச்சு?

— மாருல கட்டி. சின்னதாத்தான் இருந்துச்சு. எடுத்துட்டாப் பொழைச்சுக்கலாம்னு பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா அடிச்சுச் சொல்லுச்சு. நாள்கூடக் குறிச்சாச்சு. அந்த வாரம் நீங்க எழுதினீங்க, கத்தி பட்டா கட்டி கோவிச்சுக்கிட்டு உடம்பெல்லாம் ஓடும், பட்டினி போட்டாத் தானே சுருங்கும்னு.

— இருங்க, இருங்க. ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்கன்னு நான் எங்கயும் எழுதல. டாக்டரைக் கலந்துக்கோங்கன்னு ஒவ்வொண்ணுக்கும் அடியில போட்டிருக்கேன். வேணும்னாப் பாத்துக்கோங்க.

— இருக்குக்கா. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. பொண்ணு பெருசாக்கிக் காட்டினா.

— அப்புறம் என்ன? நான் யார் கையையும் பிடிச்சு இழுக்கல தம்பி. கத்திக்குப் பயந்தவங்க, ஊசிக்குப் பயந்தவங்க, ‘எல்லாம் வீட்டு அடுப்படியிலேயே சரியாயிடும்’னு ஒருத்தி சொல்ல மாட்டாளான்னு தவிச்சுக்கிட்டு வர்றாங்க. ‘போய் வரிசையில நில்லுங்க, டாக்டர் சொல்றதைக் கேளுங்க’ன்னு எழுதினா யாரு படிப்பாங்க? ஆரம்பத்துல அப்படித்தான் எழுதினேன். நாய்கூடச் சீண்டல.

— தெரியுதுக்கா. எனக்கும் கடைதானே. வர்றவங்க கேக்கறதைத்தானே தட்டுல வைக்கறோம்.

— என்ன கடை?

— நொய்ச்சோத்துக் கடை. நின் கியூ படித்துறைக்குப் போற சந்து முனையில.

— அந்தப் பக்கமெல்லாம் நான் வர்றதே இல்ல.

— சரிக்கா. அடுப்புப் புகைக்குள்ள நான் நிப்பேன். வர்றவங்களைப் பாத்துக்கறது லுவா. ஊரே அவ கையால வாங்கித் தின்னுச்சு. அவ மட்டும் ஓரமா டப்பாவைத் திறந்து வச்சு மென்னுக்கிட்டே இருப்பா. சோறு வாயில பாலா ஆகற வரைக்கும் மெல்லணுமாமே? தாடை வலிக்குதுன்னு அழுவா, அழுதுகிட்டே மெல்லுவா. புத்தாண்டுக்கு ஒரே ஒரு துண்டு தின்னுக்கட்டுமான்னு உங்களுக்கு எழுதிக் கேட்டா. ஞாபகம் இருக்கா?

— தினம் எத்தனையோ பேரு கேக்கறாங்க தம்பி...

— பதில் போட்டீங்களே. ‘அந்தத் துண்டு உனக்கில்ல தங்கச்சி, கட்டிக்குப் போடற தீனி’ன்னு. பக்கத்துல ஒரு தாமரைப்பூப் படம். படிச்சுட்டுத் தட்டைத் தள்ளி வச்சுட்டா. புத்தாண்டும் அதுவுமா. அவ போனதுக்கப்புறம் அந்தப் பதிலுக்குக் கீழேயே பொண்ணு எழுதினா, ‘எங்கம்மா இறந்துட்டாங்க’ன்னு. மறுநாள் பாத்தா அதைக் காணோம்.

— வேணும்னு எடுக்கல. படிக்கிறவங்க மனசு ஒடிஞ்சு போயிடும் தம்பி. அவங்க தெம்பு தேடி வர்றாங்க, சாவுச் சேதி படிக்க வரல.

— அதுவும் சரிதான். கடைக்கு முன்னால பாடை போனா நானும் சட்டியை மூடித்தான் வைப்பேன்.

— என்னைத் திட்டத்தான் வந்தீங்கன்னா திட்டிடுங்க. இப்படிக் குத்திக் குத்திப் பேசாதீங்க.

— உங்களைத் திட்டி என்ன ஆகப் போகுது? என்னைத்தான் செருப்பால அடிச்சுக்கணும். கட்டித் தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில போட்டிருக்கணும் நான். ‘உடம்பு லேசா இருக்குங்க’ன்னு அவ சிரிச்சா, நானும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன். போவட்டும். பொண்ணு விஷயமா வந்தேன்.

— பொண்ணுக்கு என்ன?

— நியென்னு பேரு. பதினாலு வயசு. அவங்கம்மா போனதுலருந்து அதே சிவப்பரிசி, அதே எள்ளு. காலைல கடையில எனக்குத் துணையா நின்னுட்டுத்தான் பள்ளிக்கூடம் போவா. அங்க மயங்கி மயங்கி விழறா. வயசுக்கு வந்த பொண்ணுக்கு மாச விலக்கு நின்னு போச்சு. கையைத் தொட்டாச் சுள்ளி மாதிரி இருக்கு. எங்கம்மா அவ காலைப் பிடிச்சு அழுது பாத்துச்சு. ‘நான் தின்னுட்டா அம்மா பட்ட பாட்டுக்கு என்ன அர்த்தம்?’னு ஒரே கேள்விதான்.

— பாவமே...

— முந்தாநேத்துதான் வாயைத் திறந்தா. ‘திதிக்கு சென் அக்காவைக் கூப்பிடுங்க. பத்தி எரிஞ்சு முடிஞ்சதும், அம்மா படத்துக்கு முன்னால அந்தப் படையல்லருந்து அவங்க ஒரு துண்டு கறி எடுத்துத் தின்னா, நானும் தின்னுடறேன்’னா. அவங்கம்மா பேர்ல சத்தியம் பண்ணிட்டா.

— என்னது, நானா?

— ஒரே துண்டுக்கா. விரல் நீளம். திதிக்கு வந்தவங்க எல்லாரும் படையல்ல கை வைக்கறதுதானே வழக்கம். எங்க வீட்டு ஆளுங்க மட்டுந்தான் இருப்போம். எல்லார் போனையும் வாங்கி அரிசிப் பானைக்குள்ள போட்டுடறேன்.

— புரியாமப் பேசாதீங்க. வேற எதுனாக் கேளுங்க, செய்யறேன். ஒரு வீடியோ போடறேன். ‘நியென் கண்ணு, நீ வளர்ற பொண்ணு, மீனும் முட்டையும் சேத்துக்கோ’ன்னு...

— வீடியோ வேணாமாம். நேர்ல வரணுமாம். முகமூடி இல்லாம.

— முடியாது தம்பி. கறி வாசனை பட்டாலே எனக்குக் குமட்டும், அங்கேயே வாந்தி எடுத்துடுவேன். அப்புறம் இந்த கான் தோ ஊருல எந்த ரகசியம் நின்னிருக்கு? ஒரு துண்டுக்காக நான் கட்டினது மொத்தமும் மண்ணாப் போகணுமா? என்னை நம்பி லட்சக்கணக்குல சனங்க இருக்காங்க.

— எனக்கு இருக்கறது அவ ஒருத்திதான் அக்கா.

— அப்பன்னா மொதல்ல அவளை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க! அதை விட்டுட்டு எங்கிட்ட வந்து நின்னா?

— இந்த வார்த்தையை அவங்கம்மாவுக்கு எழுதியிருக்கலாமேக்கா. பூப்படம் இல்லாட்டியும் பரவால்ல.

— கிளம்புங்க. கையெடுத்துக் கும்பிடறேன், கிளம்புங்க. எனக்குப் படம் எடுக்க ஆளுங்க வர்ற நேரம். திதிக்கு நல்ல பழக்கூடையா அனுப்பி வைக்கறேன்.

— வேணாங்க்கா. தேநீருக்கு நன்றி. நீங்க வர மாட்டீங்கன்னு நியென் சொன்னா. நான்தான், மனுஷங்கதானே, கேட்டுப் பாக்கலாமேன்னு வந்தேன்.

— பாத்தீங்களா, குழந்தைக்குப் புரியுது, உங்களுக்குப் புரியல. என் கட்டுப்பாடு எப்படிப்பட்டதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.

— தெரியாம என்ன? தினம் காலைல ஹெல்மெட்டும் முகமூடியுமா வண்டியை நிறுத்தி, வீடியோவுல வர்ற அதே குரல்ல ‘ரெண்டு துண்டு வை கண்ணு, கொழுப்பு ஜாஸ்தியா’ம்பீங்களே, உங்களுக்குப் பொட்டலம் கட்டிக் குடுக்கறதே அவதானே அக்கா.